உரைகல்லும் உறைகுளிரும்

பொன்னின் மாற்றைக் கண்ணால் மட்டும் கண்டு சொல்லிவிட இயலாது. பொற்கொல்லன் அதனை உரைகல்லில் இழைப்பான். மாற்றுத் தெரிந்த உரையாணியையும் அதன் பக்கத்தில் இழைப்பான். இரண்டு கீற்றுகளையும் ஒப்பிட்ட பின்னரே இஃது இத்தனை மாற்று என்று வாய் திறப்பான். பித்தளைக்கும் நிறம் உண்டு, பளபளப்பும் உண்டு. நிறத்தை நம்பிப் பணம் கொடுத்தவன் வீட்டுக்கு வந்த பிறகுதான் வருந்துவான்.

இக்காலத்து இயற்பியலிலும் இத்தகைய உரைகல் ஒன்று உண்டு. பொருள்களை மிகமிகக் குளிர்விக்கும்போது அவற்றுள் சில, நாம் அன்றாடம் காணும் திண்மம், நீர்மம், வாயு என்னும் மூன்றிலும் அடங்காத விந்தையான நிலைகளை அடைகின்றன. அவற்றைக் குவாண்டம் நிலைகள் என்பர். அந்நிலை வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தொட்டுப் பார்க்கவும் முடியாது. அளவுகருவியின் முள் அசைவதும், காகிதத்தில் ஒரு கோடு வளைவதுமே கிடைக்கும் சான்று. அக்கோடு மெய்யான பொன்னின் கீற்றா, பித்தளையின் கீற்றா என்று தெளிவதிலேதான் ஆராய்ச்சியாளரின் திறமும் நேர்மையும் சோதிக்கப்படுகின்றன.

வாஷியில் வாழும் நம்முள் பலர் நாள்தோறும் கழிப் பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்பவர்கள். கழிக்கு அப்பால் ட்ராம்பே குன்றின் அடிவாரத்தில் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இன்னும் தெற்கே, நகரின் கடைக்கோடியான கொலாபாவில், கடலோரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இவ்விரண்டாவது இடத்தில், 1994ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலுமாக இருமுறை, பொருளின் அரிய நிலையொன்று இதுவரை எவரும் காணாத பொருள்களில் இனங்காணப்பட்டது. அந்த வரலாற்றைத் தமிழன்பர்களுக்குச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவர்கள் என்ன கண்டார்கள் என்பதோடு, கண்டதை எவ்வாறு மெய்ப்பித்தார்கள் என்பதையும் இங்கே கூற விரும்புகிறேன். பின்னதே நம் பிள்ளைகளுக்கு மிகவும் பயன்படுவது.

நிலை என்பது யாது?

நீர் உறைந்து பனிக்கட்டி ஆகும்போது புதிய பொருள் எதுவும் உள்ளே புகுவதில்லை. முன்பு இருந்த மூலக்கூறுகளே வேறோர் ஒழுங்கில் அமைகின்றன. உலோகத்தினுள் உலவும் எலெக்ட்ரான்களுக்கும் இவ்வாறு ஒழுங்கு மாறும் தருணம் உண்டு. சாதாரண உலோகத்தில் அவை திருவிழாக் கூட்டம்போல அங்கும் இங்கும் மோதிக்கொண்டே நகரும். அந்த மோதலே மின்தடை. மின்கம்பி சூடாவதும் அதனால்தான். சில உலோகங்களைக் குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்குக் கீழே கொண்டு சென்றால், எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைகின்றன. தேர்வடம் பிடித்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் அடியெடுத்து வைப்பதுபோல, கோடானுகோடி இணைகளும் ஒரே அலையாக இயங்கத் தொடங்குகின்றன. அப்பொழுது மின்தடை முற்றிலும் மறைந்துபோகிறது. இந்நிலைக்கு மீக்கடத்தல் என்று பெயர்.

இதனை முதலில் கண்டவர் ஹாலந்து நாட்டு லைடன் நகரப் பேராசிரியர் காமர்லிங் ஓன்னஸ். குளிருக்கு ஓர் எல்லை உண்டு. சென்டிகிரேடு அளவில் அது சுழிக்குக் கீழே 273.15 டிகிரி. அந்தத் தனிச்சுழியிலிருந்து மேல்நோக்கி எண்ணும் அளவே கெல்வின். ஓன்னஸ் 1908ஆம் ஆண்டில் ஹீலியம் வாயுவை முதன்முறையாக நீர்மமாக்கினார். அது கொதிப்பது 4.2 கெல்வினில். மூன்று ஆண்டுகள் கழித்து, 1911இல், அந்தக் குளிரில் பாதரசத்தின் மின்தடை திடீரென்று மறைவதைக் கண்டார். ஏன் மறைகிறது என்பதற்கு நிறைவான விளக்கம் கிடைக்க மேலும் நாற்பத்தாறு ஆண்டுகள் ஆயின. 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் என்னும் மூன்று அமெரிக்கர்கள் அதனைத் தந்தனர். மேலே சொன்ன எலெக்ட்ரான் இணைகள் அவர்களுடைய கொள்கையில் இடம்பெறுபவையே.

ஓர் அடையாளம் போதாது

மின்தடை மறைந்தது என்பது முதல் அடையாளம். ஆனால் அதனை மட்டும் நம்பக்கூடாது. காரணம் எளியது. மின்னோட்டம் எப்பொழுதும் எளிய வழியையே நாடும். ஒரு பொருளின் பெரும்பகுதி சாதாரண நிலையில் இருக்க, அதனுள் கலந்துவிட்ட வேறு பொருளின் மெல்லிய இழை ஒன்று மட்டும் மீக்கடத்தும் நிலையை அடைந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடினாலும் போதும். கருவி சுழி என்றே காட்டும். வயல் முழுவதும் வறண்டு கிடக்க, நடுவில் ஒரு வாய்க்காலில் நீர் ஓடுவதைக் கண்டு விளைச்சலை எண்ணுவதற்கு இஃது ஒப்பாகும். இன்னும் ஒரு சங்கடம் உண்டு. குளிரில் சுருங்கி ஒரு கம்பியின் பிடிப்பு விட்டுப்போனாலும் மின்னழுத்தக் கருவி சுழியைக் காட்டக்கூடும்.

ஆகவே இரண்டாவது அடையாளம் வேண்டும். அதனை 1933இல் ஜெர்மனி நாட்டு மைஸ்னரும் ஆக்சன்ஃபெல்டும் கண்டனர். மீக்கடத்தும் நிலையை அடைந்த பொருள், தன் உடலுக்குள் ஏற்கெனவே ஊடுருவியிருந்த காந்தப்புலத்தையும் வெளியே தள்ளிவிடுகிறது. தடையில்லாத வெறும் கடத்தியாக மட்டும் இருந்தால் உள்ளே இருந்த புலம் உள்ளேயே சிறைப்பட்டிருக்கும். வெளியே தள்ளுவதனால், இது புதியதொரு நிலை என்பது உறுதியாகிறது. தள்ளப்பட்ட புலத்தின் அளவைக் கொண்டு, பொருளின் உடல் முழுவதும் மாறியதா, ஓர் இழை மட்டும் மாறியதா என்றும் கணக்கிடலாம்.

வெப்பத்தைக் கொண்டும் சோதிக்கலாம். ஒரு பொருளைச் சிறிது சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று அளந்துகொண்டே குளிர்வித்தால், நிலை மாறும் இடத்தில் அவ்வளவு திடுமென்று தாவும். பொருளின் மிகச் சிறு பகுதி மட்டும் மாறியிருந்தால் இந்தத் தாவல் புலப்படாது. தடை, காந்தம், வெப்பம் ஆகிய மூன்றும் ஒரே வெப்பநிலையில் ஒரே செய்தியைச் சொல்லுமாயின், அதன் பிறகே ஆராய்ச்சியாளர் தலையசைப்பர்.

வத்திராயிருப்பிலிருந்து தில்லி வரை

இத்தகைய சோதனைக்கு இரண்டு செல்வங்கள் இன்றியமையாதவை. ஒன்று, காந்தத்தைக் கொண்டு படிகத்தின் உள்ளமைப்பை அளக்கும் கைத்திறன். மற்றொன்று, ஹீலியத்தின் குளிர். இவ்விரண்டும் நம் நாட்டில் வேரூன்றிய வரலாற்றில் ஒரு தமிழரின் பெயர் முன்னிற்கிறது.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டில் வத்திராயிருப்பில் பிறந்தவர். மதுரையிலும் சென்னையிலும் கற்றுக் கல்கத்தா சென்று, சர் சி. வி. இராமனுடன் ஒளிச்சிதறல் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1928இன் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அப்போது அங்கே பேராசிரியராக இருந்தவர் சத்தியேந்திரநாத் போஸ். அவர் 1924இல் அங்கிருந்தே எழுதியனுப்பிய கட்டுரையிலிருந்து ஐன்ஸ்டைன் வளர்த்தெடுத்த கருத்துத்தான், அணுக்கள் எல்லாம் ஒரே குவாண்டம் நிலையில் குவியக்கூடும் என்பது. அந்நிலையை அமெரிக்காவின் கொலராடோவில் ரூபிடியம் அணுக்களைக் கொண்டு கண்ணுக்குத் தெரியும் சான்றாகக் காட்டியது 1995இல். எண்ணத்துக்கும் சான்றுக்கும் இடையே எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன.

டாக்காவில் கிருஷ்ணன் படிகங்களின் காந்தப் பண்பை அளக்கத் தொடங்கினார். அவர் கையாண்ட கருவி மிக எளியது. சிறு படிகம் ஒன்றைக் குவார்ட்ஸ் நூலில் தொங்கவிட்டுக் காந்தப்புலத்தில் நிறுத்துவார். நூலின் மேல்முனையை மெல்லத் திருகிக்கொண்டே வருவார். ஒரு கோணம் வரை படிகம் அசையாது. அக்கோணத்தைத் தாண்டியதும் சட்டென்று புரண்டுவிடும். அந்தக் கோணத்திலிருந்து, படிகம் எத்திசையில் எவ்வளவு காந்த விலக்கம் உடையது என்று கணக்கிட்டார். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத இடத்தில், நூலும் படிகமும் பொறுமையும் கொண்டு உலகம் மதிக்கும் அளவைகள் பிறந்தன.

1947இல் கிருஷ்ணன் தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1952இல் அங்கேதான் நம் நாட்டில் முதன்முதலாக ஹீலியம் நீர்மமாக்கப்பட்டது. லைடனில் 1908இல் நிகழ்ந்தது இங்கே நிகழ நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. தாழ்வெப்ப ஆராய்ச்சியில் புகழ்பெற்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் ஷோன்பர்க் தில்லிக்கு வந்து தங்கி, அந்தத் துறை காலூன்ற உதவினார்.

மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1945இல் ஹோமி பாபாவால் தொடங்கப்பட்டது. பெடர் சாலையில் ஒரு வீட்டிலும், பிறகு கேட்வே அருகே பழைய படகுக்கழகக் கட்டடத்திலுமாக இருந்த அந்நிறுவனம், கொலாபாவில் தன் சொந்தக் கட்டடத்துக்குச் சென்றது. பிரதமர் நேரு 1962 ஜனவரியில் அதனைத் திறந்துவைத்தார். அங்கும் ஹீலியம் நீர்மமாக்கும் பொறி நிறுவப்பட்டு, குளிரில் உலோகங்களை ஆராயும் பரம்பரை ஒன்று உருவாயிற்று.

கொலாபாவின் முதற்கீற்று

அந்தப் பரம்பரையின் முதற்பெரும் பயன் 1990களின் தொடக்கத்தில் விளைந்தது. நாகராஜன், எல். சி. குப்தா, விஜயராகவன், கோபாலகிருஷ்ணன், தார் முதலிய அறிஞர்களும், சந்தன் மஜும்தார், ஜாகிர் ஹுசைன் போன்ற இளம் ஆராய்ச்சியாளர்களும் இட்ரியம், நிக்கல், போரான் ஆகிய மூன்றும் சேர்ந்த உலோகக் கலவைகளை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அவற்றுள் ஒன்று 12 கெல்வின் அருகே மீக்கடத்தலின் அடையாளத்தைக் காட்டியது. நிக்கல் காந்த இயல்புடைய உலோகம். காந்தமும் மீக்கடத்தலும் பொதுவாகக் கீரியும் பாம்பும் போன்றவை. ஆகவே அடையாளம் வியப்புக்குரியதாக இருந்தது.

ஆனால் காந்த அளவை வேறொரு செய்தியைச் சொல்லிற்று. பொருளின் மிகச் சிறிய பங்கே அந்நிலையை அடைந்திருந்தது. இந்த இடத்தில் இரு வழிகள் இருந்தன. ஏதோ கலப்படம் என்று ஒதுக்கிவிடலாம். அல்லது அந்தச் சிறிய பங்கு எது என்று தேடலாம். அவர்கள் தேடினார்கள். 1993இல் முதற்செய்தியை வெளியிட்ட பிறகும் தேடல் நிற்கவில்லை. நான்காவது தனிமமாகிய கார்பன் உடன் இருப்பதே மீக்கடத்தலுக்கு உயிர்நாடி என்று தெளிந்தது. கார்பனை வேண்டுமென்றே சேர்த்து உருக்கியபோது, பொருளின் உடலே அந்நிலைக்கு மாறிற்று. தடையும் காந்தமும் வெப்பமும் ஒருவாய்ப்பட்டுச் சான்று கூறின. 1994 ஜனவரியில் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் அது வெளிவந்தது.

அதே ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் அக்குடும்பத்துப் பொருள்களைத் தூய வடிவில் பிரித்தெடுத்தனர். நிக்கலுக்குப் பதில் பல்லேடியம் சேர்ந்த கலவை 23 கெல்வின் வரை மீக்கடத்துவதும் அறியப்பட்டது. இட்ரியத்தின் இடத்தில் எர்பியம், ஹோல்மியம் போன்ற காந்த உலோகங்களை வைத்தபோது, காந்த ஒழுங்கும் மீக்கடத்தலும் ஒரே படிகத்தில் குடியிருப்பதைக் கண்டு உலகெங்கும் ஆராய்ச்சிகள் பெருகின. போரோகார்பைடு என்னும் அந்தக் குடும்பத்தின் பிறப்பிடம் மும்பை. ஒரு சிறு பங்கின் அடையாளத்தை அலட்சியம் செய்யாமலும், அதனையே பெரிதாகப் பறைசாற்றாமலும் இருந்ததன் பயன் அது.

பிசுமத் போட்ட விடுகதை

இரண்டாவது கண்டுபிடிப்பு இதனினும் நுட்பமானது. அதன் நாயகன் பிசுமத் என்னும் உலோகம். வெண்மையில் சற்றே செம்மை படர்ந்த, எளிதில் நொறுங்கும் உலோகம் அது. 271 டிகிரியில் உருகிவிடும். நீரைப்போல உறையும்போது விரிவடையும். வயிற்று மருந்துகளில் அதன் உப்புகள் சேர்வதுண்டு.

இயற்பியலில் அதற்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. புதிய நிகழ்ச்சிகள் பல அதனிடத்திலேயே தலைகாட்டின. காந்தத்தால் பிசுமத் விலக்கப்படுவது 1778இலேயே கவனிக்கப்பட்டது. ஃபாரடே 1845இல் காந்த விலக்கத்தை ஆராய்ந்தபோது அவருக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக அமைந்ததும் அதுவே. வெப்பத்திலிருந்து மின்சாரம் பிறப்பதை 1821இல் சீபெக் கண்டதும், காந்தப்புலத்தில் வெப்பம் பாயும்போது குறுக்கே மின்னழுத்தம் தோன்றுவதை 1886இல் எட்டிங்ஸ்ஹௌசனும் நெர்ன்ஸ்டும் கண்டதும் பிசுமத்தைக் கொண்டே. எலெக்ட்ரான்களின் குவாண்டம் அலைவை 1930இல் லைடனில் கண்டதும் பிசுமத் படிகத்தில்தான்.

இத்தனைக்கும் களமான பிசுமத் மீக்கடத்துமா என்பது மட்டும் விடுகதையாகவே இருந்தது. அழுத்தினால் மீக்கடத்தும், படிக ஒழுங்கு இல்லாத மெல்லிய படலமாகச் செய்தால் 6 கெல்வின் அருகிலேயே மீக்கடத்தும். சாதாரணக் காற்றழுத்தத்தில், ஒழுங்கான தூய படிகமாக இருக்கும்போது மட்டும் அதன் அறிகுறியே காணோம். காணாததற்குக் காரணமும் கூறப்பட்டது. செம்பு போன்ற உலோகத்தில் அணுவுக்கு ஓர் எலெக்ட்ரான் வீதம் மின்னோட்டத்தில் பங்குகொள்ளும். பிசுமத்தில் ஒரு லட்சம் அணுக்களுக்கு ஒன்றே அவ்வாறு உலவுகிறது. துணையைத் தேடி இணைவதற்கு ஆளே இல்லாத பாலைவனம் அது. ஆதலால் மீக்கடத்தல் அங்கே நிகழ வாய்ப்பில்லை என்றே பெரும்பாலோர் எண்ணினர்.

இவ்வெண்ணத்தைச் சோதிக்க முனைந்தவர்கள் எஸ். இராமகிருஷ்ணனும், அவருடன் ஓம் பிரகாஷ், அனில் குமார், தமிழவேள் ஆகியோரும். இராமகிருஷ்ணன் பிற்காலத்தில் இந்நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கினார்.

அவர்கள் கடக்க வேண்டிய தடைகள் மூன்று. முதலாவது, பொருளின் தூய்மை. ஒழுங்கற்ற பிசுமத்தும் மீக்கடத்தும் என்பதை மேலே கண்டோம். ஆகவே தூய பிசுமத்தை உருக்கி, ஒரு முனையிலிருந்து மெல்ல மெல்ல உறையச் செய்து, ஒரே ஒழுங்குடைய ஒற்றைப்படிகமாக வளர்க்க வேண்டும்.

இரண்டாவது, குளிர். ஹீலியத்தின் இரு வகைகளைக் கலந்து குளிர்விக்கும் முறையில் கெல்வினின் நூற்றில் ஒரு பங்கை எட்டலாம். அதற்குக் கீழே ஆழமாகச் செல்ல அணுக்கருவின் உதவி வேண்டும். செம்பின் அணுக்கருக்கள் நுண்ணிய காந்தங்கள். வலிய காந்தப்புலத்தில் அவை அணிவகுத்து நிற்கும்; அப்போது எழும் சூட்டை வெளியேற்றிவிட வேண்டும். பிறகு வெப்பம் வரும் வழிகளை எல்லாம் அடைத்துவிட்டுப் புலத்தை மெல்லக் குறைத்தால், அணிவகுப்பு குலையும். குலைவதற்கு வேண்டிய வெப்பத்தை அது தன்னைச் சூழ்ந்த பொருளிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானைத் தண்ணீரின் சூட்டைத் தன்னோடு கொண்டுபோவதற்கு இதனை ஒப்பிடலாம். ஆக்ஸ்போர்டில் கூர்ட்டி என்பவர் 1956இல் செய்துகாட்டிய இம்முறையைக் கையாளும் குளிர்ப்பொறி கொலாபாவிலும் அமைந்தது.

மூன்றாவது தடைதான் மிகவும் விசித்திரமானது. மீக்கடத்தும் நிலையைப் போதிய வலிமையுள்ள காந்தப்புலம் கலைத்துவிடும். பிசுமத்தின் நிலையோ மிக மென்மையானது; அதனைக் கலைக்க 5.2 மைக்ரோடெஸ்லா போதும் என்று பின்னர்க் கணக்கிடப்பட்டது. நம்மைச் சூழ்ந்திருக்கும் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. திசைகாட்டியின் ஊசியைத் திருப்பும் அந்த எளிய புலமே, தேடும் பொருளை எட்டு முறை அழிக்க வல்லது. எனவே எவ்வளவு குளிர்வித்தாலும், பூமியின் காந்தத்திலிருந்து படிகத்தை மறைக்காவிட்டால் ஒன்றும் தெரியாது. காந்தத்தை அண்டவிடாத உறைகளுக்குள் படிகத்தை வைத்தார்கள். ஸ்குவிட் எனப்படும் கருவியால், படிகம் வெளியே தள்ளும் மிக நுண்ணிய காந்தப்புலத்தை அளந்தார்கள். அந்தக் கருவியும் மீக்கடத்தலின் தத்துவத்தாலேயே இயங்குவது. மாற்றுத் தெரிந்த பொன்னைக் கொண்டு மாற்றுத் தெரியாத பொன்னை அறியும் பழைய வழக்கம் இங்கும் நின்றது.

வெப்பநிலை 0.00053 கெல்வினைத் தொட்டுக் கீழே இறங்கியபோது படிகம் காந்தப்புலத்தை வெளியே தள்ளிற்று. விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெற்றுவெளியின் வெப்பநிலை 2.7 கெல்வின். அதனினும் ஐயாயிரம் மடங்கு தாழ்ந்த குளிர் இது. புலத்தின் அளவை மாற்றி மாற்றிச் சோதித்து, எந்தப் புலத்தில் எந்த வெப்பநிலையில் நிலை கலைகிறது என்பதையும் குறித்தார்கள். மைஸ்னரின் அடையாளம் கிடைத்துவிட்டதால் ஓரிழையின் ஏமாற்று இதில் இல்லை. 2016 டிசம்பரில் ‘சயன்ஸ்’ இதழ் இதனை வெளியிட்டது.

இதனினும் தாழ்ந்த குளிரில் மீக்கடத்தும் தனிமங்கள் உண்டு. ரோடியம் அத்தகையது; 1983இலேயே அஃது அறியப்பட்டது. பிசுமத்தின் பெருமை வேறு. மூவர் கண்ட 1957ஆம் ஆண்டுக் கொள்கை இதற்குப் பொருந்தவில்லை. எலெக்ட்ரான்கள் பேராற்றல் உடையன, அணுக்களின் அதிர்வோ அதற்கு முன் மிகச் சிறிது என்பது அக்கொள்கையின் அடித்தளம். பிசுமத்தில் அவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே தரத்தில் நிற்கின்றன. ஆகவே கொலாபாவின் படிகம் ஒரு விடையைத் தந்து, அதனினும் பெரிய வினாவை எழுப்பியிருக்கிறது.

வெளுத்ததெல்லாம் பாலல்ல

உண்மைக் கீற்றைச் சொன்ன நாம் ஐயத்துக்குரிய கீற்றுகளையும் சொல்லத்தான் வேண்டும். அறைவெப்பத்தில் மீக்கடத்தும் பொருள் கிடைத்தால், மின்சாரத்தை இழப்பின்றி ஊர்தோறும் அனுப்பலாம். அந்த ஆசையின் வலிமை பெரிது. ஆகவே அவசரமும் பெரிது.

2018 ஜூலையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த இருவர், வெள்ளியும் பொன்னும் சேர்ந்த நுண்துகள்களில் 236 கெல்வினில் மீக்கடத்தலின் அடையாளங்களைக் கண்டதாக அறிவித்தனர். சுழிக்குக் கீழே 37 டிகிரி சென்டிகிரேடு என்பது அதன் பொருள். தடை மறைவதையும் காந்த விலக்கத்தையும் அவர்கள் காட்டியிருந்தனர். சில வாரங்களில் அமெரிக்காவின் மாசசூசட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து பிரையன் ஸ்கின்னர் ஒரு செய்தியைச் சுட்டிக்காட்டினார். இருவேறு காந்தப்புலங்களில் அளந்த இரு கோடுகளில், கருவியின் இரைச்சலால் ஏற்படும் சிறு நடுக்கங்கள் ஒன்றுபோல் அமைந்திருந்தன. இரைச்சல் என்பது நேரத்துக்கு நேரம் மாற வேண்டியது. அறிவித்தவர்கள் தம் முடிவில் நின்று, 2019இல் மேலும் சான்றுகளைச் சேர்த்து வெளியிட்டனர். எனினும் பிற கூடங்கள் அதனை மறுபடி கண்டு உறுதிசெய்யாமையால், அந்த அறிவிப்பு பொதுவான ஏற்பைப் பெறவில்லை.

அமெரிக்காவிலும் இவ்வாறு நேர்ந்தது. ‘நேச்சர்’ இதழில் 2020இல் வெளியான அறைவெப்ப மீக்கடத்தல் கட்டுரையை அவ்விதழ் 2022இல் திரும்பப் பெற்றது. 2023இல் வெளியான மற்றொன்றையும் அதே ஆண்டில் திரும்பப் பெற்றது.

2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து ஒரு செய்தி உலகைக் குலுக்கியது. ஈயமும் செம்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த எல்.கே.-99 என்னும் பொருள், கொதிநீரினும் மிகுந்த சூட்டிலேயே மீக்கடத்தும் என்றனர். காந்தத்தின்மேல் அது பாதி மிதக்கும் படம் உலகெங்கும் பரவிற்று. அதே பொருளைச் செய்து பார்த்து, அதில் மீக்கடத்தல் தென்படவில்லை என்று சில நாள்களிலேயே அறிவித்தவர்களுள் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தாரும் இருந்தனர். வத்திராயிருப்புக் கிருஷ்ணன் வளர்த்த அதே கூடம்! மின்தடை திடீரென்று வீழ்ந்ததற்குக் காரணம், கலந்திருந்த செம்பின் சல்பைடு சூட்டில் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டதே என்பது பிறகு வெளியாயிற்று. மின்தடை வீழ்ந்தது மெய். மீக்கடத்தல் என்பதுதான் பொய்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரித்து அறிவதே மெய் என்று நம் மூதாட்டியர் சொல்லிவந்த மொழி இவ்விடத்துக்கு எவ்வளவு பொருத்தம்!

இன்னும் உரைக்கப்படாத பொன்

உரைகல்லே இன்னும் சரியாக அகப்படாத நிலைகளும் உண்டு. காந்தப் பொருள்களில் அணுக்களின் சுழற்சி, குளிரில் ஒரு திசையில் உறைந்து நிற்பது வழக்கம். எவ்வளவு குளிர்வித்தாலும் உறையாத நிலை ஒன்று இருக்கக்கூடும் என்று 1973இல் ஆண்டர்சன் எண்ணினார். 1987இல் அவ்வெண்ணத்தை உயர்வெப்ப மீக்கடத்தலோடு இணைத்து அவருடன் எழுதியவர்களுள் ஒருவர், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன். அந்நிலையைச் சில கனிமங்களில் தேடிவருகின்றனர். ஆனால் அதன் முதல் அடையாளம் ஒழுங்கு இல்லாமை என்பது. ஒன்று இருப்பதை நிறுவுவதைவிட, ஒன்று இல்லாமையைக் கொண்டு மற்றொன்றை நிறுவுவது கடினம். படிகத்தின் குறையினால் ஒழுங்கு வரவில்லையா, புதிய நிலை என்பதனால் வரவில்லையா என்று பிரித்தறிவது எங்ஙனம்? அங்கே அறிஞர்கள் இன்னும் உரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிற்க. நம் சங்கத்துக் குடும்பங்களில் விஞ்ஞானம் பயிலும் பிள்ளைகள் பலர் உளர். நாளை ஏதேனும் ஒரு விந்தைச் செய்தி கைபேசியில் வந்து சேரும்போது, அவர்கள் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகட்டும். கண்டது பொருள் முழுவதிலுமா, ஒரு துளியிலா? ஓர் அடையாளமா, பலவா? வேறொரு கூடத்தில் வேறொருவர் செய்து பார்த்தாரா? இம்மூன்று வினாக்களுக்கும் முகங்கொடுத்த பிறகே போரோகார்பைடு உலகை வென்றது. கொலாபாவின் பிசுமத் படிகத்தையும் உலகம் அதே வினாக்களோடுதான் நோக்குகிறது.

கழிக்கு அப்பால் சில கல் தொலைவில், பூமியின் காந்தமும் எட்டாத உறைக்குள் ஒரு சிறு படிகத்தை வைத்து, அது பேசும்வரை காத்திருந்தார்கள் நால்வர். நம் பிள்ளைகளில் ஒருவர் அந்த வாயிலில் நுழையும் நாள் வந்தால், குவார்ட்ஸ் நூலில் படிகத்தைத் தொங்கவிட்டுத் திருகிய வத்திராயிருப்புக்காரரின் பொறுமையையும் தம்மோடு எடுத்துச் செல்வாராக.